கண்ணுக்குத் தெரியாத வேலிக்கு ஆன செலவு

எவ்வளவு ஆனது என்றுதானே கேட்டீர்கள்? சொல்கிறேன், முதலில் உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

ஈரோட்டிலிருந்து இந்த வெயிலில் வந்திருக்கிறீர்கள். கம்பெனிக்காரன் என் நம்பரைக் கொடுத்து, திருச்செங்கோட்டுப் பக்கம் நாச்சிமுத்து என்று ஒருவர் போட்டிருக்கிறார், ரொம்பத் திருப்தியாக இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறான். திருப்தி என்று நான் அவனிடம் சொன்னதே இல்லை. திட்டலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்தேன். திட்டினால் நடந்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் சிரிப்பான். வைத்துவிட்டேன். அதை அவன் திருப்தி என்று எழுதிக்கொண்டான் போலிருக்கிறது.

நாய் எங்கே என்று பார்க்கிறீர்கள். நாயைப் பிறகு காட்டுகிறேன். முதலில் செலவைக் கேளுங்கள்.

நான் நாலாம் வகுப்பு. முப்பத்திரண்டு வருஷம் போர்வெல் வண்டியில் இருந்தவன். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போகாத சீமை இல்லை. ஆயிரத்து இருநூறு அடி வரைக்கும் ஓட்டை போட்டுத் தண்ணீர் காட்டியிருக்கிறேன். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்கிற நினைப்பு எனக்கு உண்டு. அந்த நினைப்பை அரையடி ஆழத்தில் கிடக்கிற ஒரு கம்பி முடித்துவைத்தது.

அதோ, பச்சைப் பெயிண்ட் அடித்த வீடு தெரிகிறதா? அது என் தம்பி சென்னியப்பன் வீடு. பக்கத்துக் கொட்டகை அவன் பட்டறை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். எரிந்து கருகிப்போன மோட்டாரைக் கொண்டுபோய்ப் போட்டால் பிரித்து, தலைமயிர் மாதிரி இருக்கிற கம்பியை ஒவ்வொன்றாகச் சுற்றி ஓடவைத்துவிடுவான். நாற்பது வருஷமாக அதுதான் தொழில். தொழிலில் குறை சொல்ல மாட்டேன். மற்றதில் சொல்வேன்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் இல்லை பார்த்தீர்களா? எங்கள் அப்பா பாகம் பிரிக்கும்போது பத்திரத்தில் எழுதிவைத்துவிட்டார். நடுவிலே போகிற வண்டித்தடம் இருவருக்கும் பொது, அதன் ஓரத்தில் சுவரோ வேலியோ வைக்கக் கூடாது என்று. அவர் எழுதும்போது நாங்கள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பின்னால் ஒன்பது வருஷம் பேசாமல் இருக்கப் போகிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆமாம், ஒன்பது வருஷம். காரணம் கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். அவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகையைக் கொண்டுவந்து அதோ அந்தக் கம்பிக் கதவில் செருகிவிட்டுப் போனான். செருகிவிட்டு. பால்காரன் பில் செருகுவது போல. நான் அவனுக்கு மூத்தவன். புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, 'அண்ணா, முன்னாடி வந்து நடத்திக் கொடுக்கோணுங்க' என்று கூப்பிட வேண்டிய ஆள். கம்பிக் கதவு கல்யாணத்துக்குப் போகுமா? போகவில்லை. கதவும் போகவில்லை, நானும் போகவில்லை. என் பெண்டாட்டி ராஜாமணி மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். பெண்டுகள் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. கீரை பறித்தால் பாதி அங்கே போகும். இட்லி மாவு இங்கே வரும். நான் கண்டுகொள்வதில்லை. மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இப்படி இருக்கையில் நாய் வந்தது. என் மகள் சுகன்யா பெங்களூரில் வளர்த்த நாய். ஜெர்மனியில் வேலை கிடைத்தது, ஆறு மாசம் வைத்திருங்கள் என்று விட்டுவிட்டுப் போனாள். இரண்டு வருஷம் ஆகிறது. பேர் டோஃபி. நான் 'ஏய்' என்றுதான் கூப்பிடுவேன். முப்பத்திரண்டு கிலோ. ஞாயிற்றுக்கிழமையானால் சாயங்காலம் நாலு மணிக்கு மகள் வீடியோவில் வருவாள். 'அப்பா நல்லா இருக்கீங்களா' என்பாள். நான் வாய் திறப்பதற்குள், 'டோஃபியைக் காட்டுங்க' என்பாள். அது நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனையே நக்கும். என் பேச்சு அரை நிமிஷம், அதன் பேச்சு இருபது நிமிஷம். நான் பொறாமைப்படவில்லை, சும்மா சொல்கிறேன்.

அந்த நாய் என்ன பண்ணியது? இங்கே கறியும் சோறும் தின்றுவிட்டு, காலை ஏழு மணிக்குச் சென்னியப்பன் வாசலில் டீயும் வர்க்கியுமாக உட்கார்ந்தால், நேராகத் தடத்தைத் தாண்டிப்போய் அவன் காலடியில் உட்கார்ந்துவிடும். அவன் வர்க்கியை டீயில் நனைத்து ஆளுக்குப் பாதி. நான் இங்கே இதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கறி வாங்குகிறவன் நான், வால் ஆடுவது அங்கே. இருந்தும் பொறுத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஆயுத பூஜை. பட்டறையில் அவன் சாமி கும்பிட்டு, மிஷின், ஸ்பேனர், தராசு என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறான். மத்தியானம் நாய் ஆடி அசைந்து வீட்டுக்கு வருகிறது. நெற்றியில் பொட்டு. நல்ல பெரிய பொட்டு. ராஜாமணி சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆயுத பூஜைக்குத் தன்னுடைய பொருளுக்குத்தானே பொட்டு வைப்பார்கள்? என் நாயை அவன் ஸ்பேனர் கணக்கில் சேர்த்துவிட்டான்.

அப்போதுதான் போனில் இந்த வேலியைப் பார்த்தேன். மண்ணுக்குள் ஒரு கம்பி, வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி, நாய் கழுத்தில் ஒரு பட்டை. கம்பிக்குப் பக்கத்தில் போனால் பட்டை கீ கீ என்று சத்தம் போடும். இன்னும் போனால் கழுத்தில் சுள்ளென்று ஒரு கரண்ட். வெளியே ஒன்றும் தெரியாது. சுவரும் இல்லை, வேலியும் இல்லை, பத்திரத்துக்கும் பழுது இல்லை. அப்பா போட்ட நாலு வரியில் ஒன்பது வருஷமாக நான் தேடிய சந்து அதுதான்.

கோயம்புத்தூரிலிருந்து பிரணவ் என்று ஒருவன் வந்தான். டை கட்டியவன். "இந்த ஒரு பக்கம் மட்டும் போட்டால் போதும்" என்று தம்பி வீட்டைக் காட்டினேன்.

"ஒரு பக்கம் போட முடியாது சார். கம்பி கிளம்பின இடத்துக்கே திரும்பி வரணும். வட்டம் முடிஞ்சாத்தான் வேலை செய்யும்."

"அப்புறம்?"

"உங்க இடத்தைச் சுத்தி நாலு பக்கமும் போடணும்."

ஒரே ஒரு ஆளை வெளியே நிறுத்த, நான் என்னைச் சுற்றி நாலு பக்கமும் கரண்ட் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. எவ்வளவு என்று கேட்டேன். பெட்டி, பட்டை, கம்பி, பள்ளம் தோண்டும் கூலி, வரி எல்லாம் சேர்த்து எண்பத்தொன்றாயிரத்து ஐந்நூறு என்றான். ராஜாமணி உள்ளேயிருந்து, "ஏனுங்க, அந்தக் காசுக்கு ஆயுசு முச்சூடும் வர்க்கி வாங்கிப் போடலாங்களே" என்றாள். அதில் அர்த்தம் இருந்தது. அர்த்தம் இருந்ததால்தான் கோபம் வந்தது.

பள்ளம் தோண்டக் கூலி பதினோராயிரம் என்றதும் எனக்குச் சிரிப்பு. அரையடிப் பள்ளத்துக்கு எனக்கு ஆள் வேண்டுமா? அதைக் கழித்துவிடு, நானே தோண்டுகிறேன் என்றேன். இரண்டாம் நாள் கடப்பாரையை ஓங்கிப் போட்டேன், தண்ணீர் பீய்ச்சி அடித்தது. என் வாழ்நாளிலேயே அவ்வளவு குறைந்த ஆழத்தில் தண்ணீர் கண்டது அன்றுதான். என் வீட்டு மேல்தொட்டிக்குப் போகும் குழாய். நான் புதைத்த குழாய். பிளம்பருக்கு நாலாயிரத்து இருநூறு. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரணவ் வந்து கம்பியைப் புதைத்து, பெட்டியை மாட்டி, கடைசியில் ஒரு கட்டுக் கொடியைக் கையில் கொடுத்தான். சின்னக் கொடி, ஐம்பது. எல்லாம் வெள்ளை.

"கம்பி போற வழியெல்லாம் இதை நட்டு வைக்கணும் சார். நாயைக் கயித்துல புடிச்சு, தெனமும் கொடி வரைக்கும் கூட்டிட்டுப் போகணும். சத்தம் கேட்டதும் திருப்பிக் கூட்டிட்டு வரணும். பதினஞ்சு நாள். அப்பத்தான் அதுக்கு எல்லை புரியும். இதைப் பண்ணாம மட்டும் விட்டுடாதீங்க."

விட்டுவிட்டேன். ஏன் என்று கேளுங்கள். ஒன்பது வருஷம் முகம் பார்க்காத தம்பி வீட்டு எதிரில், பத்தடிக்கு ஒன்றாக வெள்ளைக் கொடி நட்டுவைத்தால் அவன் என்ன நினைப்பான்? அண்ணன் இறங்கி வந்துவிட்டான், சமாதானம் கேட்கிறான் என்று பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல மாட்டானா? வெள்ளைக்குப் பதில் சிவப்பில் இருக்கிறதா என்று போன் பண்ணிக் கேட்டேன். இல்லை என்றார்கள். கொடியை ராஜாமணி எடுத்துப்போய்க் கீரைப் பாத்தியில் நட்டாள், மயில் வராமல் இருக்க. மயில் கொடிக்குப் பக்கத்திலேயே நின்று நிதானமாக மேய்கிறது.

கொடி இல்லாமலே சோதித்துவிடலாம் என்று, பட்டையை என் முழங்கையில் கட்டிக்கொண்டு தடத்தை நோக்கி நடந்தேன். கீ கீ என்றது. என்ன பெரிய கரண்ட் என்று இன்னொரு எட்டு வைத்தேன். சார், நான் ஜெனரேட்டரில் அடி வாங்கியிருக்கிறேன். அதைவிட இது சின்னதுதான். ஆனால் எதிர்பார்க்கவில்லை. கையை உதறிக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டேன். வேட்டி ஒரு பக்கம் போனது. நிமிர்ந்தால் எதிரே சென்னியப்பன், கையில் டீ டம்ளரோடு. வெட்டவெளியில், ஒன்றுமே இல்லாத இடத்தில், அறுபத்தெட்டு வயசு அண்ணன் தனியாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எறும்பு கடித்தது போலக் காலைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

வெள்ளிக்கிழமை காலை பட்டையை நாய் கழுத்தில் மாட்டினேன். ஏழு மணி. அவன் வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்தான். அந்தக் காகிதச் சத்தம் நாய்க்கு எங்கிருந்தாலும் கேட்கும். எழுந்து ஓடியது. சத்தம் அடித்தது, அதற்கு என்ன தெரியும், நின்றால்தானே? போன வேகத்தில் கம்பியைத் தாண்டியது. தாண்டும்போது ஒரு கத்துக் கத்தியது பாருங்கள். நேராக ஓடி அவன் வாசலில் கிடக்கிற கட்டிலுக்குக் கீழே நுழைந்துகொண்டது.

வேலி நன்றாக வேலை செய்தது. நாய் அன்றிலிருந்து வேலியைத் தாண்டவில்லை. என்ன, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தாண்டவில்லை.

நான் பெட்டியை அணைத்தேன். வரவில்லை. அணைத்திருக்கிறது என்று நாய்க்கு யார் சொல்வது? சாயங்காலம் ஒரு துண்டு ஈரலை எடுத்துக்கொண்டு தடத்து ஓரம் போய் நின்று, ஏய், ஏய் என்று கூப்பிட்டேன். கட்டிலுக்குக் கீழேயிருந்து மூக்கு மட்டும் தெரிந்தது. சென்னியப்பன் குனிந்து நாயிடம் பேசினான்.

"உங்கப்புச்சி கூப்புடறாரு பாரு. போ சாமி."

நானும் நாயைப் பார்த்தே சொன்னேன்: "தாய் தகப்பன் ஊட்ட உட்டுப்போட்டு அங்கென்ன வேலை உனக்கு?"

"வர்றதுக்கு ஆசைதான், வழியில என்னமோ பொதச்சு வெச்சிருக்காராமா, அது என்னன்னு கேளு சாமி."

"வேலின்னு சொல்லு."

"கண்ணுல காணமேன்னு கேளு."

"காணாத வேலின்னு சொல்லு. எழுவதாயரம்னு சொல்லு."

அவன் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தான். "எழுவதாயரத்துக்குக் கண்ணுல காங்கற மாதிரியே ஒண்ணு போட்டிருக்கலாமேன்னு கேளு" என்றான்.

ஈரலை அங்கேயே காக்காய்க்குப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமையும் வரவில்லை. ராஜாமணி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு, நாய்க்குத் தனியாக ஒரு போசியில் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். போகும்போது சொன்னாள், சுவரைப் பார்த்து: "நாளைக்கு நாலு மணிக்குப் புள்ள போனுல வருவா. எதைக் காட்டுவீங்களோ காட்டுங்க."

ராத்திரி முழுக்க யோசித்தேன். நாய் தூங்குகிறது என்று சொல்லலாம். இருபது நிமிஷமும் தூங்குகிறதா என்பாள். டாக்டரிடம் போயிருக்கிறது என்றால் அழுவாள். நாயைத் தொலைத்துவிட்டீர்களா என்பாள். அவள் நம்பி விட்டுவிட்டுப் போனது, சார். கட்டின வீட்டையும் வாங்கின நிலத்தையும் அவள் என்னிடம் கேட்டதில்லை. இந்த ஒன்றைத்தான் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

ஞாயிறு நாலு மணிக்குப் போன் அடித்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு தடத்துக்குப் போனேன். பெட்டி அணைந்துதான் இருந்தது. என் கழுத்தில் பட்டை இல்லை. இருந்தும் கம்பி போகிற இடத்தில் எனக்குக் கால் கூசியது. அந்த இடத்தை ஒரு தாண்டாகத் தாண்டினேன். அறுபத்தெட்டு வயசில், ஒன்றுமில்லாத மண்ணை. அதையும் அவன் பார்த்தான்.

கட்டிலில் ஒதுங்கி இடம் விட்டான். உட்கார்ந்தேன். நாய் கீழேயிருந்து வந்து எங்கள் இரண்டு பேர் முழங்காலுக்கும் நடுவில் தலையை வைத்தது. போனைத் தூக்கிப் பிடித்தேன். "டோஃபி எங்க..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். "அப்பா. சித்தப்பா வீட்டுலயா இருக்கீங்க?" என்றாள். அதற்கு மேல் படம் நின்றுவிட்டது. முகம் அசையவே இல்லை. நெட்வொர்க் சரியில்லை என்று நான் போனைத் தட்டினேன். சென்னியப்பன் என் கையைப் பிடித்து, "தட்டாதீங்ணா, நல்லாத்தான் இருக்குது" என்றான். அவனுக்குப் போனைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் கொஞ்ச நேரத்தில் அவளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள். ஜெர்மனியில் குளிர் அதிகம்.

போனை வைத்ததும் நான் எழுந்திருக்கவில்லை. விஷயத்தைக் கேட்டுவிடுவது என்று உட்கார்ந்தேன்.

"பத்திரிகையைக் கம்பிக் கதவுல செருகினயே, அது நாயமா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "மூணு வாட்டி வந்தனுங்ணா. நானும் அவளும் தட்டோட. மூணு வாட்டியும் நீங்க உள்ள இருந்துக்கிட்டே இல்லைன்னு சொல்லச் சொன்னீங்க. மூணாவது வாட்டி சன்னலுக்குக் கீழ உங்க தலை தெரிஞ்சுதுங்க."

அது உண்மைதான். மறைக்கவில்லை. மாப்பிள்ளையை என்னிடம் கேட்காமல் முடிவு பண்ணிவிட்டான் என்று எனக்கு அப்போது ஒரு வருத்தம். கொஞ்சம் கெஞ்சட்டும் என்று இருந்தேன். மூன்று தடவை வந்தவனுக்கு நாலாவது தடவை வருவதற்கு என்ன? நாலாவது தடவை நான் வெளியே வருவதாகத்தான் இருந்தேன். இதை அவனிடமும் சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வர்க்கியை டீயில் நனைத்து நாய்க்குப் பாதி கொடுத்தான். இன்னொன்றை எடுத்து என்னிடம் நீட்டினான். நனைக்கவில்லை. எனக்கு நனைத்தால் பிடிக்காது என்பது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது.

அவ்வளவுதான் சார். சமாதானம் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். என் கோபம் அப்படியே இருக்கிறது. நாய் அந்தப் பக்கம் இருக்கிறது, நான்தானே போய்ப் பார்க்க வேண்டும்? தினமும் ஏழு மணிக்குப் போவேன். நாயைப் பார்த்துவிட்டு எட்டரை, ஒன்பதுக்குத் திரும்பிவிடுவேன். பெட்டியை மறுபடி ஓட விட்டிருக்கிறேன். இவ்வளவு கொட்டி வாங்கின பொருளைச் சும்மா வைக்கக் கூடாது பாருங்கள்.

பட்டையைக் கழற்றிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு வரலாமே என்று கேட்கிறீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். சென்னியப்பனுக்கு அதைக் கழற்றத் தெரியாது. எனக்கும் அதன் கொக்கி பிடிபடுவதில்லை. அவன் நாற்பது வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இது வெளிநாட்டுச் சாமான்.

போன மாசம் ஒருநாள் பட்டையில் பேட்டரி தீர்ந்துவிட்டது. நாய் தடத்து ஓரம் வந்து நின்று காதைத் தூக்கிப் பார்த்தது. சத்தம் வரவில்லை. தாண்டி வந்து இந்த நாற்காலிக்குக் கீழே படுத்துக்கொண்டது. காலை ஏழு மணி. அது இங்கே இருக்கிறது, நான் எதற்கு அங்கே போவது? இங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவன் அங்கே இரண்டு டம்ளரை வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். டீ ஆடை கட்டியிருக்கும். அன்றைக்கே பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் போய்ப் பேட்டரி வாங்கிவந்தேன். நாயை அவன் வாசலுக்குக் கூட்டிப்போனேன், அவன் பிடித்துக்கொண்டான், நான் மாட்டினேன். அரை மணி நேரம் ஆனது. பேட்டரி போடும் மூடி மட்டும் எப்படியோ எங்களுக்குத் திறக்க வந்துவிட்டது.

ஆக, செலவு எழுபத்தைந்துக்குள் அடங்கும். நீங்கள் கூலி ஆளையே வைத்துக்கொள்ளுங்கள். கொடியை நட்டுவிடுங்கள், வெள்ளையானாலும் பரவாயில்லை. வாருங்கள், நாயைக் காட்டுகிறேன். அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும், டீ போட்டிருப்பான். இந்த இடத்தில் மட்டும் பார்த்துக் கால் வையுங்கள், ஒன்றும் ஆகாது, எனக்குத்தான் ஒரு பழக்கம்.

ஒரு உதவி, சார். ஈரோட்டில் பெரிய கடையில் அந்தப் பேட்டரி கிடைக்குமாம். ஆறு வோல்ட், விரல் கணு அளவு இருக்கும். ரெண்டு மூணாகவே வாங்கி அனுப்பிவிடுங்கள், காசு தந்துவிடுகிறேன். இப்போது இருப்பது இன்னும் ஒரு வாரம் வந்தால் அதிகம். தீர்ந்துவிட்டால் நாய் வீட்டுக்கு வந்துவிடும்.